பதினைந்து டின்னில் ஒரு பெயர்

செத்துப்போன மனிதரிடம் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருப்பது உயிரோடிருப்பவனுக்கு அழகல்ல என்று இக்னாத்திஸ் முடிவுசெய்தபோது காலை மணி பத்தரை. இடம், கரியோனா ஊரின் காப்பிக்கடை. காரணம், ஒரு தட்டு அவித்த கீரை.

கீரையின்மேல் ஊற்றியிருந்த ஒலிவ எண்ணெயை ஊர்ப் பாதிரியார் ரொட்டித் துண்டால் துடைத்து வாயிலிட்டார். கண்களை மூடினார்.

"ஆகா, கொஸ்மாஸ் எண்ணெய்! அந்த மனுஷனோட கைமணம் வேற யாருக்கு வரும்?"

கொஸ்மாஸ் என்பவர் இக்னாத்திஸின் மாமனார். அந்த எண்ணெயைக் கடைக்குச் சுமந்து வந்தவரோ இக்னாத்திஸ். அதற்கான காயைப் பறிக்க ஏணியில் ஏறி, இடுப்புப் பிடித்து, நான்கு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தவரும் அவரே.

"சாமி, எங்க மாமனார் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"பாரேன்! பத்தொன்பது வருஷம் கழிச்சும் என்ன கைமணம்!"

கடை முழுவதும் சிரித்தது. அடுத்த வீட்டுப் படகோட்டி ஃபோத்திஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

இக்னாத்திஸ் முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து, அவ்வாண்டு ஜூன் மாதம்தான் ஓய்வுபெற்றவர். கிரேக்க நாட்டு லெஸ்வோஸ் தீவின் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஆயினும் ஊரில் அவருக்கு இருந்த அடையாளம் ஒன்றே: கொஸ்மாஸின் வீட்டோடு மாப்பிள்ளை. வீடு மனைவி மிர்சினியின் சீதனம். நூற்று நாற்பது ஒலிவ மரங்களும் அவளுடைய சீதனம். முன்பு ஒரு கழுதை இருந்தது. அதையும் ஊரார் 'கொஸ்மாஸ் கழுதை' என்றே அழைத்தனர். கழுதை அதைப் பொருட்படுத்தவில்லை. இக்னாத்திஸுக்கு அந்தப் பக்குவம் வாய்க்கவில்லை.

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மேட்டுத் தெருவின் எண்பத்தாறு படிகளையும் கோபத்தாலேயே ஏறினார். வீட்டுப் பின்கட்டில் மிர்சினி பதினைந்து எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் கறுப்புச் சாயத்தால் 'கொஸ்மாஸ்' என்ற பழைய எழுத்துகளைத் தடவிப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் நடக்கும் சடங்கு அது.

"மிர்சினி, அந்தப் பிரஷ்ஷைக் கீழ வை."

"காய்ஞ்சிடும்."

"காயட்டும்! இருபத்தெட்டு வருஷமா நான் காயலையா?"

"என்ன ஆச்சு? காப்பியில சர்க்கரை போட மறந்துட்டானா?"

"இந்த வருஷம் டின்ல உங்கப்பா பேர் வராது. என் பேர் வரும்."

மிர்சினி பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் நிதானமாகத் துடைத்தாள்.

"உனக்கு ரெண்டு பேர்தான் தெரியுமா, இக்னாத்தி?"

அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கோபத்தில் இருப்பவனுக்குத் தன் குரல் மட்டுமே கேட்கும்.

"ரெண்டேதான்! செத்தவர் பேர் ஒண்ணு, உயிரோட இருக்கிறவன் பேர் ஒண்ணு! ஏணியில ஏறுறது யாரு? நான்!"

இருபத்தெட்டு ஆண்டுகளில் மிர்சினி கணவனை 'வாத்தியாரே' என்று அழைத்த தருணங்கள் அனைத்தும் புயலுக்கு முந்தையவை.

"வாத்தியாரே, வருஷத்துல நாலு நாள் ஏணியில ஏறுறீங்க, சரி. காய் விழ மரத்தடியில வலை விரிக்கிறது யாரு? இலை பொறுக்குறது யாரு? கவாத்து பண்றது யாரு? ஆலையில விடிஞ்சதிலிருந்து வரிசையில நின்னு காலு வீங்குறது யாரு? என்னிக்காவது அந்த ஆலை வாசலை மிதிச்சிருக்கீங்களா? எண்ணெய் வீட்டுக்கு வந்ததும் ரொட்டியோட வந்து நிக்கிறீங்க!"

"பேச்சை மாத்தாதே. பேர் விஷயம் பேசு."

"சரி, பேசுவோம். மேல் தோப்பு உங்களுக்கு, கீழ்த் தோப்பு எனக்கு. ஆளுக்கு அறுநூறு கிலோ காய். ஒரே நாள், ஒரே ஆலை. யார் காய் எண்ணெய் கூடக் கொடுக்குதோ, அவங்க சொல்ற பேர் டின்ல. அதுக்கப்புறம் இந்த வீட்டுல இந்தப் பேச்சே எழக்கூடாது. சம்மதமா?"

"நான் ஜெயிச்சா?"

"எங்கப்பா பேரை நானே சுரண்டி எடுக்கிறேன்."

கரியோனாவில் ஒருவனுடைய மதிப்பு, எத்தனை கிலோ காய்க்கு ஒரு கிலோ எண்ணெய் கண்டான் என்பதில் அடங்கியிருக்கிறது. ஐந்துக்கு ஒன்று என்றால் தலை நிமிரலாம். நாலரைக்கு ஒன்று என்றால் மீசையை முறுக்கலாம். ஆறுக்கு ஒன்று என்றால் காப்பிக்கடைக்குப் போகாமல் சந்து வழியாக வீடு திரும்புவது நலம். மேல் தோப்பும் கீழ்த் தோப்பும் ஒரே சாதி மரங்கள், ஒரே வயது. ஆகவே பந்தயம் நேர்மையானது. நேர்மையான பந்தயத்தில் தோற்கும் வாய்ப்பு சரிபாதி. அந்தப் பாதிதான் இக்னாத்திஸுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் தோன்றியது. மூன்றாம் வாரத்தில் அதை ஃபோத்திஸின் மூக்கு கண்டுபிடித்தது.

"என்ன வாத்தியாரே இது நாத்தம்? என் படகுல மறந்துபோன கணவாய்கூட இப்படி நாறினதில்ல."

"இது அறிவியல்."

"அப்படியா? செத்து எத்தனை நாளாச்சு?"

"மெதுவாப் பேசு! மிர்சினி காதுல விழும்." இக்னாத்திஸ் மூடியைத் திறந்து காட்டினார். ஆரஞ்சுத் தோல், தக்காளித் தோல், ஆப்பிள் சீவல், காப்பிக்கடையில் பிழிந்து எறிந்த எலுமிச்சை மூடிகள் அனைத்தும் திராட்சைப் பாகு கலந்த நீரில் மிதந்துகொண்டிருந்தன. ஆங்காங்கே குமிழிகள் எழுந்து வெடித்தன. "பழம் ஏன் கனியுது சொல்லு."

"வேற வேலை இல்லாததால."

"முட்டாளே, தோல்லயும் சதையிலயும் நொதி இருக்கு. கெட்டியா இருக்கிறதை அதுதான் இளக்குது. இப்படி ஊறவச்சா நொதி தண்ணியில இறங்கிடும். இப்போ ஒலிவக் காயை எடுத்துக்கோ. அரைச்ச கூழ்ல எண்ணெய் குட்டிக் குட்டி அறைக்குள்ள பூட்டிக் கிடக்குது. ஆலை பாதிப் பூட்டைத்தான் உடைக்கும். மீதி எண்ணெய் பிண்ணாக்கோட போயிடுது. கூழ்ல இந்தத் தண்ணியை ஊத்தினா மிச்சப் பூட்டும் திறக்கும். எண்ணெய் கூடும், காரம் கூடும், அந்தப் பச்சை வாசனை கூடும்."

"அப்போ நம்ம குப்பைத்தொட்டியில கிடக்கிறது பூரா பூட்டு உடைக்கிற திருட்டுப் பசங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கோ."

"அது சரி, ஆலையில ஹரிக்லியா பெரிசா எழுதி மாட்டியிருக்காங்களே, காயும் தண்ணியும் தவிர எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு?"

"இதுவும் தண்ணிதானே!"

இத்தகைய விடைகளுக்கு அவர் முப்பத்திரண்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பூஜ்யம் போட்டு வந்தவர் என்பதை இங்கே குறித்துவைப்பது கடமை. விற்பனைக்குப் போகாத வீட்டு எண்ணெய்தானே என்று அவர் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறருடைய ஆலையில் திருட்டுத்தனமாக எதையோ ஊற்றுவதற்கு அது விடையாகாது.

பீப்பாயின் பசி பெரிது. ஆரஞ்சுத் தோல் தீர்ந்தபின் வெங்காயச் சருகு போயிற்று. சருகு தீர்ந்தபின் கோழிகளுக்கு வைத்த பூசணித் தோல் போயிற்று. ஒரு புதன்கிழமை, மிர்சினி சமையலறை நடுவில் நின்று கத்தினாள்.

"எங்க என் நாரத்தைத் தோல்?"

"எந்தத் தோல்?"

"சுருட்டி, நூல்ல கோத்து, கசப்பு போகத் தண்ணியில ஊறப்போட்டிருந்தேனே, நாற்பத்திரண்டு சுருள்! பாகுல போட்டு ஏதென்ஸுக்கு அனுப்ப வச்சிருந்தது!"

"கோழி தின்னிருக்கும்."

"கோழியா? அதுங்க தோலைக் கண்ணால பார்த்தே மூணு வாரம் ஆகுது, கோவிச்சுக்கிட்டு முட்டையே போடறதில்ல! இந்த வீட்டுல எதை உரிச்சாலும் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள காணாமப் போகுது. என் தோல் என் மேலதான் இருக்குதான்னு தினம் கண்ணாடியில பார்த்துக்கிறேன்!"

"ஒரு தோலுக்கா இவ்வளவு கூச்சல்?"

"உங்க ரெண்டு பொண்ணுங்களும் கிறிஸ்துமஸுக்கு இனிப்பு எங்கன்னு கேப்பாங்களே, என்ன அனுப்பட்டும்? உங்க சூத்திரத்தை எழுதி ஜாடியில போட்டு அனுப்பட்டுமா?"

"மரியாதையாப் பேசு!"

"மரியாதையாத்தான் பேசறேன், வாத்தியாரே! மரியாதை இல்லாமப் பேசினா எப்படி இருக்கும்னு கேக்கணுமா?"

அவர் கேட்க விரும்பவில்லை. மேல் தோப்புக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மிர்சினி தேவாலயத்தைப் பெருக்கச் சென்ற நேரத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரு கிண்ணம் ஒலிவக் காயை அவளுடைய இறைச்சி அரைக்கும் கருவியில் இட்டு அரைத்தார். கூழை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் சமமாகப் பிரித்தார். ஒன்றில் வெறும் வெந்நீர். மற்றதில் பீப்பாய் நீர். இரண்டையும் வெதுவெதுப்பான தொட்டியில் வைத்துக் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றார். பிறகு துணியில் பிழிந்து, தெளியவிட்டுப் பார்த்தார். முதல் சாடியில் எண்ணெய் ஒரு விரல் உயரம். இரண்டாவதில் ஒன்றரை விரல். நுனி நாக்கில் தொட்டு வைத்தார். தொண்டையைப் பிடித்த காரத்தில் மூன்று முறை இருமினார். இருமலோடு சேர்த்து ஒரு சிறு நடனமும் ஆடினார். அறுபத்தொரு வயதில் அது விவேகமன்று; இடுப்பு உடனே அதை நினைவூட்டியது.

நொதி உண்மையிலேயே வேலை செய்தது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் இறைச்சிக் கருவியைக் கழுவ அவர் மறந்துவிட்டார்.

அன்று மாலை அந்தக் கருவியின் வாயிலிருந்து மிர்சினி ஓர் ஒலிவக் கொட்டைத் துண்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுப்படியில் வரிசையாக நின்ற இரண்டு சாடிகளைப் பார்த்தாள். மாடிப்படியின் பக்கம் ஒருமுறை திரும்பினாள். இக்னாத்திஸ் இடியை எதிர்பார்த்துத் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்.

இடி விழவில்லை.

"சாப்பிட வா, இக்னாத்தி. பருப்பு ஆறிடும்," என்றாள்.

இருபத்தெட்டு ஆண்டு அனுபவமுள்ள எந்தக் கணவனும் அந்த நொடியே துறைமுகத்துக்கு ஓடி, கிடைத்த கப்பலில் ஏறியிருக்க வேண்டும். இக்னாத்திஸ் அதை வெற்றி என்று எண்ணிக்கொண்டார். அவர் பருப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பின்கட்டில் டின்களைக் காணாமல் விசாரித்தபோதும், "கழுவக் கவுத்து வச்சிருக்கேன்" என்ற விடையில் அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை.

வார இறுதிக்குள் காய் முழுவதும் மரத்திலிருந்து இறங்கிவிட்டது. ஞாயிறு மாலை, பீப்பாய் நீரை இரண்டு லிட்டர் வடிகட்டி, பள்ளிக்கூடக் காலத்துக் காப்பிக் குடுவையில் நிரப்பி, கதவோரம் வைத்தார். திங்கட்கிழமை காலை அதைக் கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டார்.

ஆலையை நடத்தும் ஹரிக்லியாவுக்கு எழுபது வயது. எடைக்கல்லைப்போல வாசலில் அமர்ந்திருப்பார். சுவரில் அவர் கைப்பட எழுதிய அறிவிப்பு தொங்கியது: 'காயும் தண்ணீரும் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது.' அதன்கீழே வரிசையில் ஒன்பது குடும்பங்கள். அடுப்பில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்கள், புது எண்ணெயில் தோய்க்க.

"வாங்க வாத்தியாரே!" என்றார் ஹரிக்லியா. "இது உலக அதிசயம். ஆலை வழி தெரிஞ்சுதா?"

இக்னாத்திஸ் விடை சொல்வதற்குள் மிர்சினி முன்னே வந்தாள். ஊர் கேட்கும்படி சொன்னாள்.

"முதல் முறை எங்க வீட்டுக்காரருக்குக் கொடுங்க. வீட்டுத் தலைவர் அவர்தானே. நான் அவர் பின்னால வரேன்."

வரிசையில் தலைகள் திரும்பின. ஹரிக்லியாவின் ஒரு புருவம் மேலே போயிற்று.

"நிஜமாத்தான் சொல்றியா, மிர்சினி? முதல் முறையா?"

"ஆமா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மரியாதைன்னா சரி," என்று ஹரிக்லியா மூக்கைத் துடைத்துக்கொண்டார். வரிசையில் யாரோ இருமினார்கள். பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

வீட்டுத் தலைவர். இருபத்தெட்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்ட சொல். இக்னாத்திஸின் கோபம் ஒரு படி இறங்கியது. மார்பு இரண்டு படி ஏறியது.

மேல் தோப்புக் காய் கழுவப்பட்டு, நசுங்கி, ஊதா நிறக் கூழாகி, பிசையும் தொட்டிக்குள் விழுந்தது. இரும்புக் கைகள் அதை ரொட்டி மாவைப்போல மெல்லப் பிசையத் தொடங்கின. ஹரிக்லியா ரொட்டியைத் திருப்ப அடுப்புப் பக்கம் போனார். இக்னாத்திஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். தொட்டியின் மூடியைத் தூக்கினார். குடுவையைக் கவிழ்த்தார். சளி பிடித்த அவர் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை. மூடியை இறக்கிவிட்டு அறிவிப்புப் பலகையைப் பக்தியோடு படிக்கலானார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குழாயில் பச்சை நூலாக எண்ணெய் இறங்கியது. தராசில் ஏறியது. ஹரிக்லியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நூத்திப் பதினெட்டு கிலோ. ஐஞ்சுக்கு ஒண்ணுகூட முழுசா இல்ல."

"இருக்காது!"

"இருக்கு. அடுத்தது, மிர்சினி."

அடுத்த முக்கால் மணி நேரம் இக்னாத்திஸ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கீழ்த் தோப்புக் காய் அதே தொட்டியில் பிசையப்பட்டு, அதே குழாயில் எண்ணெயாக இறங்கியது. அதே தராசு, அதே கண்ணாடி.

"நூத்தி முப்பத்தஞ்சு. நாலரைக்கும் கீழ! பலே!"

"தராசு பழுது!" என்று இக்னாத்திஸ் கத்தினார். "இயந்திரம் பழுது! இதுல ஏதோ சூது இருக்கு!"

ஹரிக்லியா மெதுவாக எழுந்தார். ஆலைச் சத்தத்தை மீறிய சத்தம் அவருடையது.

"வாத்தியாரே, வாயை அளந்து பேசுங்க! முப்பது வருஷமா இந்தத் தராசு ஒரு குந்துமணி தப்பினதில்ல. ஞாயித்துக்கிழமை கழுவிக் காயவச்ச இயந்திரம் இது. திங்கக்கிழமை முதல்ல வர்றவன் எண்ணெயில அது தன் வயித்தை நிரப்பிக்கும். தொட்டி, குழாய், சல்லடை எல்லாம் குடிச்சது போகத்தான் மிச்சம் வெளிய வரும். அடுத்து வர்றவங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. அதனாலதான் எப்பவும் முதல் முறை என் சொந்தக் காய்க்கு. அடுத்தவன் வயித்தெரிச்சலை நான் ஏன் கொட்டிக்கணும்? இங்க நிக்கிற பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும்!"

"அப்போ எனக்கு ஏன் சொல்லலை?"

"என்னிக்கு வந்தீங்க, சொல்ல?"

ஒன்பது குடும்பங்களும் சிரித்தன. ரொட்டி கருகியது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. மிர்சினி மட்டும் சிரிக்காமல், எண்ணெய்ப் பீப்பாய்களின் மூடிகளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

 வீட்டுக் கதவு மூடியதும் இக்னாத்திஸ் வெடித்தார்.

"ஏமாத்துக்காரி! வீட்டுத் தலைவராம்! மரியாதையாம்! தலைவரைத் தூக்கி இயந்திரத்துக்குத் தீனியாப் போட்டுட்ட!"

"நீ மட்டும் சும்மாவா இருந்த?"

"இயந்திரம் எவ்வளவு குடிச்சா என்ன? என் கூழ்ல அவ்வளவு நொதி..." இக்னாத்திஸ் பாதியில் நிறுத்தினார். தாமதமாகத்தான் நிறுத்தினார்.

"சொல்லு, சொல்லு. காப்பிக் குடுவையில இருந்து ஊத்தினியே, அதுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இக்னாத்தி, மாடிப்படிக்குக் கீழ ஒரு பீப்பாய் ஒரு மாசமா நாறுது. எனக்கு மூக்கு இருக்கு. நேத்து நீ தூங்கப் போனதும் குடுவையைக் கழுவி, வெந்நீர் ஊத்தி வச்சதே நான்தான். இன்னிக்கு நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்தினது சுத்தமான வெந்நீர்."

"வெந்நீரா!"

"ஹரிக்லியா கண்ணுல மட்டும் பட்டிருந்தா, இந்தக் குடும்பம் இனிமே அந்த ஆலைப் படி ஏற முடியுமா? ஒன்பது வீட்டுக் காய் பின்னால நிக்குது. அதே தொட்டியிலதான் அவங்க காயும் விழணும். உன் நாத்தத் தண்ணியை ஊர் பூரா குடிக்கணுமா? படிச்சவன் செய்யிற வேலையா இது?"

 விடை இல்லாதபோது அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். வேறொரு கேள்வியைக் கேட்டார்.

"அப்போ என் நொதித் தண்ணி எங்க?"

"வா, காட்டுறேன்."

பின்கட்டுக்கு அப்பால், துணி உலர்த்தும் முற்றத்தில், பதினைந்து டின்களும் வெயிலில் நின்றன. இக்னாத்திஸ் கண்களைக் கசக்கிக்கொண்டார். புதிதாக வாங்கியவை என்றே நினைத்தார். வெள்ளிபோல மின்னின. எதன்மேலும் ஓர் எழுத்துகூட இல்லை.

"எண்ணெய் வழிஞ்ச தகரத்து மேலயே வருஷா வருஷம் சாயம் பூசிட்டிருந்தேன்," என்றாள் மிர்சினி. "சுரண்டினாலும் போகாது. சாடியைப் பார்த்தப்போ தோணுச்சு: காய்க்குள்ள இருக்கிற எண்ணெயை இளக்குற தண்ணி, தகரத்து மேல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை விடுமா? மூணு நாள் ஊறப்போட்டேன். அடியில இருந்த பிசுக்கு போச்சு. சாயம் அவிச்ச முட்டை ஓடு மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு."

"கொஸ்மாஸ்...?"

"எங்கப்பா போயிட்டார்." அவள் குரல் ஒரு நொடி தணிந்தது. "பத்தொன்பது வருஷம் அவர் பேரை நான் எழுதினேன், இக்னாத்தி. போதும்னு எனக்கே தோணிட்டிருந்தது."

இக்னாத்திஸ் ஒரு டின்னைக் கையால் தடவினார். வழுக்கியது. அவர் கண்டுபிடிப்பு. அவர் பீப்பாய். அவருடைய முப்பத்திரண்டு ஆண்டு வேதியியல். காலையில் இறங்கிய மார்பு மீண்டும் நிமிர்ந்தது.

"அப்போ என் நொதி வேலை செய்யுது!"

"பிரமாதமா வேலை செய்யுது. யார் கேட்டாலும் சொல்றேன்."

இருபத்தெட்டு ஆண்டுகளில் கிடைத்த முதல் பாராட்டு அது. கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. போதாததற்கு அவள் உள்ளே போய்ச் சாய டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு முக்காலியையும் இழுத்துப் போட்டாள்.

"கசடு இறங்கிப் பத்து நாள்ல எண்ணெயை டின்ல மாத்தணும். அதுக்குள்ள சாயம் காயட்டும். நீயே எழுது. கரும்பலகையில எழுதி எழுதிப் பழகின கை. உன் எழுத்து அழகா இருக்கும்."

இக்னாத்திஸ் அமர்ந்தார். பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தார்.  தன் பெயரின் முதல் எழுத்தை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று மனத்துக்குள் அளந்தார். இருந்தாலும் நாகரிகம் கருதி ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்.

"பந்தயத்துல ஜெயிச்சவ நீ. நீ சொல்ற பேர்தான். சொல்லு, எந்தப் பேர்?"

"அன்னிக்கே கேட்டேனே, உனக்கு ரெண்டு பேர்தான் தெரியுமான்னு. மூணாவதா ஒருத்தி இருபத்தெட்டு வருஷமா உன் எதிர்ல உக்காந்து பருப்பு சாப்பிடறா."

பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு கறுப்புச் சாயம் அவர் செருப்பின்மேல் விழுந்தது. அடுத்த வீட்டுச் சுவர்மேல் ஃபோத்திஸின் தலை முளைத்தது. அந்தத் தலை எப்போதும் முளைக்கக் கூடாத நேரத்தில்தான் முளைக்கும்.

"என்ன வாத்தியாரே, இம்போசிஷனா? நான் வீட்டுப்பாடம் செய்யாதப்போ நீங்க நூறு தடவை எழுத வச்சீங்களே!"

"உள்ள போடா!"

தலை போயிற்று. சிரிப்பு போகவில்லை.

இக்னாத்திஸ் எழுதத் தொடங்கினார். முதல் டின்னில் 'மிர்சினி'. இரண்டாவது டின்னில் 'மிர்சினி'. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஐந்தாவதில் கடிப்பதை நிறுத்தினார். வெயில் முற்றத்தைக் கடந்து கோழிக்கூண்டின்மேல் ஏறியது. ஒன்பதாவது டின்னுக்கு வந்தபோது மிர்சினி கையில் ஒரு கூடை வெங்காயத்தோடு வந்து அவர் பின்னால் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது கோணலா இருக்கு. அழிச்சுட்டு எழுது. உன் தண்ணி படிக்குக் கீழ இன்னும் பாதிப் பீப்பாய் இருக்கு."